அக்கா மகனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

இது மருத்துவப் பதிவு இல்லைன்னு நினைச்சுதான் எழுத ஆரம்பிச்சேன். கடைசியில் எங்க வந்து நிக்குதுன்னு நீங்களே பாருங்க. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2024 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்தேன், அக்கா போன்.

"லேய் தம்பி, ஒனக்க மருமவன் கம்ப்யூட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். அத்தான் சவூதியில இருந்து 45 ஆயிரம் அனுப்பியிருக்காவ. நீ கூட இருந்து வாங்கிக் குடு. படிக்கதுக்குத்தான்னு சத்தியம் பண்ணுகான்."

விளையாடத்தான். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வி கேட்டா: "இந்த கேம்னால பிள்ளையள் செத்துப் போகுதுன்னு டிவியில காட்டுகானே?"

அக்கா சொன்னது ஆன்லைன் ரம்மியை. காசு கட்டி ஆடுற சூதாட்டம் அது. அதுக்குத்தான் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்து 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இவன் ஆட நினைக்கிறது வேலரன்ட், ஜிடிஏ. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா அக்கா பயத்துல நியாயமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய்ப் பட்டியலில் (ஐசிடி 11) 'கேமிங் டிசார்டர்'னு ஒண்ணைச் சேர்த்திருக்கு. ஆசைப்பட்டு ரெண்டு மணி நேரம் ஆடுறவனுக்கெல்லாம் அந்தப் பேர் கிடையாது. நிறுத்தணும்னு நினைச்சாலும் நிறுத்த முடியல, மத்த எல்லாத்தையும் விட ஆட்டமே பெருசாப் போச்சு, வாழ்க்கை கெட்டுப் போறது தெரிஞ்சும் தொடருது. பொதுவா இது ஒரு வருஷமாவது நீடிக்கணும். நம்ம பையன் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போறான், சோறு கேட்டுச் சாப்பிடுறான், ராத்திரி அடிச்சுப் போட்டமாதிரி தூங்குறான். "கம்ப்யூட்டரை ஹால்ல வை, அவனுக்க ரூமுக்குள்ள வைக்காத"ன்னு மட்டும் சொன்னேன்.

மருமகன் லிஸ்ட் அனுப்பினான். ஐ3 12100எஃப் 8,000. எச்610 போர்டு 6,000. 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக் 1,700. 500 ஜிபி எஸ்எஸ்டி 3,000. ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 20,000. கேபினெட், 'எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ', 2,000. பழைய மானிட்டர் 4,000. மொத்தம் 44,700. மிச்சம் 300 ரூபாய்க்கு சர்பத் குடிக்கலாம் மாமான்னு கீழே ஒரு வரி.

பையன் நல்லாப் படிச்சுத்தான் போட்டிருக்கான். அந்தக் காசுக்கு அந்த ப்ராசஸரும் கார்டும் சரியான ஜோடி. எனக்கு உறுத்தினது அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ் மட்டும்தான்.

எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தாங்க. அம்மா வளையல் ரெண்டு அடகுக்குப் போன விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு ஐப்பசி மழையில் கரெண்ட் போய் வந்துச்சு, பெட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம், கருகின வாடை. எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போச்சு. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. வளையல் திரும்பி வர மூணு வருஷம் ஆச்சு.

அதனால எஸ்எம்பிஎஸ் பத்தி மட்டும் நான் கொஞ்சம் ஓவராப் பேசுவேன், மன்னிச்சுக்கோங்க. பெட்டி மேல 500 வாட்ஸ்னு எழுதியிருக்கும், அதை நம்பாதீங்க. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 16 ஆம்பியர்னா 12ஐ 16ஆல் பெருக்குங்க: 192 வாட்ஸ். ப்ராசஸரும் கார்டும் பெரும்பாலும் இந்த லைனில் இருந்துதான் சாப்பிடும். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட்ஸ். ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடினா 89 வரைக்கும் போகும். கூட்டிப் பாருங்க, ஸ்டிக்கர் பத்தல. அப்புறம் '80 பிளஸ்'ங்கிறது எவ்வளவு மின்சாரம் வீணாகாம மாறுதுங்கிற சான்று மட்டும்தான். பாதுகாப்புச் சான்றுன்னு நினைச்சிடாதீங்க. ஆனா அந்தச் சான்று வாங்குற கம்பெனி பொதுவா உள்ளேயும் ஒழுங்கா வச்சிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமனும் மருமகனும் சண்டை போட்டு லிஸ்ட்டை மாத்தினோம். கார்டு இப்போ வேண்டாம். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி, 11,500. பி450 போர்டு, 5,800 (பயாஸ் அப்டேட் பண்ணினதான்னு கடையில் கேட்டுக்கோங்க, பழசுன்னா இந்த ப்ராசஸரை அது அடையாளம் கண்டுபிடிக்காது). ரேம் 8 + 8, ரெண்டு ஸ்டிக், 3,400. தனி கார்டு இல்லாததால் ரேமைத்தான் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கும். ஒத்த ஸ்டிக் போட்டா பாதி அகலப் பாதையில் ரெண்டு பஸ் போற கதை. 550 வாட்ஸ் நல்ல எஸ்எம்பிஎஸ், 4,000. எஸ்எஸ்டி, கேபினெட், புது 22 இஞ்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 37,900.

"5600ஜியில கேஷ் மெமரி 5600ல இருக்கதுல பாதிதான் மாமா. பின்ன கார்டு போட்டாலும் கொஞ்சம் குறையும்"னான். உண்மைதான். தோத்தது நான்தான்னு ஒத்துக்கிட்டேன், ஆனா லிஸ்ட் மாறல. மிச்சம் 7,100 ரூபாய் கார்டு உண்டியலில்.

பூதப்பாண்டி பக்கம் அக்கா வீடு, பழைய ஓட்டு வீடு. ஹாலில் உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் மாட்டினோம். ஆன் பண்ணினதும் ஃபேன் சுத்துச்சு. பையன் முகத்தைப் பார்க்கணுமே! மூடியை மாட்டப் போனவன் வெடுக்குனு கையை இழுத்தான்.

"மாமா, சுர்ருங்கு."

நான் தொட்டேன். ஆமா, சுர்ருனுச்சு.

புது எஸ்எம்பிஎஸ்ல கோளாறு இல்ல. உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா துளிக் கரெண்ட் எர்த்துக்குப் போகணும்னுதான் அதை டிசைன் பண்ணியிருக்கு. எர்த் இல்லைன்னா அது பெட்டியில் நிக்கும். அந்தத் துளியால ஆபத்து இல்ல. எர்த் இல்லைங்கிறதுதான் ஆபத்து. சுவர் பிளக்கில் மூணு ஓட்டை இருந்துச்சு. மேல் ஓட்டைக்குப் பின்னால வயரே கிடையாது.

அடுக்களையில் இருந்து அக்கா சொன்னா: "அதுக்கு என்னத்துக்கு பயப்படுக? கிரைண்டரும் மழைக்காலத்துல அப்பிடித்தான் கிள்ளும். நான் செருப்பு போட்டுட்டுதான் மாவாட்டுவேன்."

எத்தனை வருஷமா?

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து."

எனக்கு அப்புறம் சோறு இறங்கல. முந்தின நவம்பரில் எங்க கேஷுவால்ட்டிக்கு ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. அக்கா வயசுதான் இருக்கும். ஈரத்தரை, வெறுங்கால், கிரைண்டர். நாப்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினோம். கையில் மாவு காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. அந்த வீட்டிலும் "எப்பவும் லேசாக் கிள்ளும்"னுதான் சொன்னாங்க.

உங்க வீட்டு ட்ரிப்பர் (எம்சிபி) இதிலிருந்து காப்பாத்தாது. அது 6, 16 ஆம்பியருக்கு மேல ஓடினால்தான் விழும். உடம்பு வழியா 10 மில்லிஆம்பியர் போனாலே பிடிச்ச கையை விட முடியாமப் போகலாம். 50, 100னு ஏறும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னே போகலாம். ட்ரிப்பருக்கு இது கொசுக்கடி கூட இல்ல. அதுக்குன்னு இருக்கிறது ஆர்சிசிபி, 30 மில்லிஆம்பியர் கசிஞ்சா கண் இமைக்கிறதுக்குள்ள கட் பண்ணும். எர்த்தும் சேர்ந்திருந்தா, யாரும் தொடுறதுக்கு முன்னாடியே கட் பண்ணிடும்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்தார். ஃபேசுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவில் பல்பு பிடிச்சார், எரியல. அந்தத் தெருவில் இன்னொருத்தர் சொன்ன யோசனை: "நியூட்ரலை எர்த் ஓட்டையில லிங்க் குடுத்திரு, கிள்ளாது." தயவு செய்து யாரும் இதைப் பண்ணாதீங்க. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தா கிரைண்டர், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாத்தின் உடம்பிலும் முழுசா 230 வோல்ட் வந்து நிக்கும்.

கிணத்தடி ஈரமண்ணில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, வீடு முழுக்க பச்சை வயர் இழுத்து, மெயினில் ஒரு ஆர்சிசிபி. உண்டியல் 7,100 அப்படியே மண்ணுக்குள்ள போச்சு. மிச்சத்தை நான் போட்டேன். பையன் ஒண்ணும் சொல்லல. மண்வெட்டியை வாங்கிப் பாதிக் குழி அவன்தான் தோண்டினான்.

வேலரன்ட் லோ செட்டிங்ல நல்லாவே ஓடுது. ஜிடிஏ கொஞ்சம் முக்கும். கார்டு இன்னும் வாங்கல. தீபாவளிக்குன்னு சொன்னேன், எந்தத் தீபாவளின்னு கேக்கான்.

ஒரு வாரம் கழிச்சு அக்கா போன் பண்ணினா. பயந்து பயந்து வெறுங்காலோட நின்னு கிரைண்டரைத் தொட்டுப் பாத்தாளாம்.

"ஒண்ணும் செய்யல லே. சும்மா இரும்பு மாதிரி இருக்கு."