அத்தையும் சார்காய்டோசிஸும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

காசநோயை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அதே சாயலில் வரும் ‘சார்காய்டோசிஸ்’ என்ற நோயை, என் அத்தைக்கு வரும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அத்தை மண்டபத்தில் கடற்பாசி எடுப்பவர். ஒருநாள் குடித்த தேநீர் வாயோரம் வழிந்தது; இடக்கண்ணை மூட முடியவில்லை. “வாடைக்காத்து அடிச்சிருச்சு” என்று ஒத்தடம் கொடுத்தார்கள். சரியாயிற்று. இரண்டு மாதம் கழித்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கண் சிவந்து பார்வை மங்கியது. மார்புப் படத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. காசநோயாக இருக்கலாம் என்றார் ஒரு மருத்துவர். நம் நாட்டில் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தானே!

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தார்கள். கணுவில் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் சிதைந்திருக்கும். சார்காய்டோசிஸில் பெரும்பாலும் அப்படி இராது. ஆய்வுக்கூடத்தில் நாம் ஸ்லைடு பார்த்துப் படம் வரைகிறோமே, அதே வேலைதான்! ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் கிருமியையும் தேடினார்கள். ஏனெனில் காசநோய் இருக்க ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பரவிவிடும். சார்காய்டோசிஸுக்கு ஸ்டீராய்டு தராமல் தாமதித்தால் நரம்பு பாழாகும். கிருமி இல்லை.

கண் அழற்சி, கன்னச் சுரப்பி வீக்கம், முகவாதம், காய்ச்சல் ஆகியவை சேர்ந்து வருவதை 1909இல் டென்மார்க் கண் மருத்துவர் ஹேர்ஃபோர்ட் எழுதினார். பொன்னுக்குவீங்கி என்று நினைத்தார். பின்னரே அது சார்காய்டோசிஸ் எனத் தெரிந்தது. சென்னையில் மருத்துவர் ஆர். வி. ராஜம் குழுவினர் 1957இல் இந்நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியுள்ளனர். நரம்பு மண்டலத்தைத் தாக்குவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அதிலும் முக நரம்பே அடிக்கடி அகப்படுகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. மருந்துச் சீட்டு என் கைக்கு வந்தது. பிரெட்னிசலோன் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. பின்னதை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிருக்கே ஆபத்து! நாட்காட்டியில் புதன்கிழமைகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

சில வாரங்களில் முகம் உப்பியது. அக்கம்பக்கத்தார் “உடம்பு தேறிட்டே” என்றார்கள். அத்தைக்கோ கோபம்: “இந்த மாத்திரையை இன்னைக்கே விட்டுர்றேண்டா!” திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் மன்றாடினேன். நாற்பது மில்லிகிராமில் தொடங்கியது இப்போது பத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த ஸ்கேன் தை மாதம்.