தெளிந்த நீரும் தூய நீரும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர், தண்ணீர் பளிங்காய் இருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்வர். பல ஆண்டுகள் மீன் வளர்த்துவரும் எனக்கு அத்தெளிவின் மீது அத்தனை நம்பிக்கை இல்லை.

மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண வடிகட்டி அதை அகற்றாது. நீர் ஆவியானாலும் அது தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, குறைந்த நீரை நிரப்பினால் போதாது. பழைய நீரில் ஒரு பகுதியை வெளியேற்றியே ஆகவேண்டும்.

கணக்கு எளிது. வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சேர்கிற தொட்டியில், நைட்ரேட் இல்லாத நீரால் வாரம் கால்பங்கு மாற்றிவந்தால், அளவு 40-ஐத் தாண்டாது. மாதக்கணக்கில் வாளாவிருந்துவிட்டு ஒரே நாளில் முழுவதையும் மாற்றினாலோ, பழைய நீருக்குப் பழகிய மீன்கள் அதிர்ச்சியில் மாளக்கூடும். ஆண்டெல்லாம் சேர்த்துவைத்துத் தவக்காலத்தில் மட்டும் உள்ளத்தைக் கழுவ முனையும் நமக்கும் இது பொருந்தும். மனமாற்றமும் வாரந்தோறும் சிறிது சிறிதாக நிகழவேண்டியதே.

ஆனால், உள்ளே ஊற்றும் நீர் எத்தகையது? மதுரையில் குழாய்நீர் வராத நாள்களில் எங்களுக்கு ஆழ்துளைக் கிணறே துணை. ஒருநாள் அந்நீரையே சோதித்தேன். குப்பியில் கருஞ்சிவப்பு ஏறியது. தொட்டி நீரினும் கிணற்று நீரில் நைட்ரேட் மிகுதி! கழிவுநீர்க் குழிகளின் கசிவும், வயல்களில் அளவின்றி இடும் யூரியாவும் மண்ணுள் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றன.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமே நம் நாட்டு வரம்பு. அதை மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், பச்சிளங்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அன்றே சென்று, குழந்தைக்கு அந்நீர் வேண்டாம் என்றும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள் என்றும் சொன்னேன்.

தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதினார். நிலத்தடி நீர் நம் அனைவருக்கும் பொதுவான தொட்டி. அதில் வாரம் கால்பங்கு மாற்ற எவராலும் இயலாது. நம் வீட்டுக் கழிவுக்குழி கசியாமல் காப்பதும், பயிருக்கு வேண்டிய அளவே உரமிடுவதும் நம்மால் இயலும். அயலானின் குழந்தை மீது அன்பு உண்டென்றால், அதை அங்கிருந்தே தொடங்குவோம்.