சிறிய மஞ்சள் மாத்திரை

அம்மாவின் வாயில் முதல் புண் தோன்றியபோது, உடம்புச் சூடு என்றே நாங்கள் முடிவு செய்தோம். 2019ஆம் ஆண்டின் சித்திரை வெயிலும் அதற்கு ஒத்து ஊதியது. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தோம். நான்காம் நாள், ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கவும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

முடக்குவாதத்துக்காக அவருக்கு மெதோட்ரெக்சேட் தரப்பட்டிருந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது அது; மற்ற ஆறு நாட்களும் ஃபோலிக் அமிலம். இரண்டும் மஞ்சள் நிறம். "சிறிய மஞ்சள் மாத்திரை தினமும், ஞாயிறு மட்டும் பெரியது" என்று நாங்கள்தாம் சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம். அடுத்த மாதம் கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரைகள் கிடைத்தன. சிறியது பெரியதாகவும் பெரியது சிறியதாகவும் மாறியிருந்தன. அம்மா சீட்டின்படியே உண்டார்.

செல்கள் பெருகுவதற்கு ஃபோலேட் வேண்டும்; இம்மருந்து அதன் வழியை அடைக்கிறது. ஆகவே, ஓயாமல் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் வாயின் மென்தோலும் குடலின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடுகின்றன. வாய்ப்புண் வெறும் புண்ணன்று, எச்சரிக்கை. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் அமிலமும் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதற்குப் பகையான இம்மருந்துக்கும் அங்கேதான் வழி பிறந்தது. பகையும் உறவுமாகிய அவ்விரண்டையும் நாங்கள் நிறத்தாலும் அளவாலும் மட்டுமே அடையாளப்படுத்தியிருந்தோம்.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. உடனே மெதோட்ரெக்சேட்டை நிறுத்தி, ஃபோலினிக் அமில ஊசி போட்டார்கள். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். சீட்டை எழுதியவர் யார் என்று மருத்துவர் கேட்டபோது, கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் தலைகுனிந்து நின்றோம். மாணவர் தேர்வுத்தாளில் பொருள்மயக்கம் தரும் தொடரைச் சிவப்பு மையால் சுழிக்கும் கைகள் எங்களுடையவை.

"மாத்திரையைத் தின்றது நான்தானே" என்றார் அம்மா, புண்பட்ட உதடுகளைப் பிரிக்க முடியாமல். அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பல மாதங்கள் கழித்து, மருத்துவர் குறைந்த அளவில் அம்மருந்தை மீண்டும் தொடங்கினார். இப்போது சீட்டில் மருந்தின் பெயரும் கிழமையும் பெரிய தமிழ் எழுத்துகளில் இருக்கின்றன. வார மாத்திரை தனி டப்பாவில், எங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் அம்மா, "இன்றைக்கு ஞாயிறுதானே?" என்று கேட்கிறார். அவருக்குக் கிழமை தெரியும். எங்கள் வாயால் ஒருமுறை சொல்லக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.