16 பெயர்களில் ஓர் இசைத்தட்டு

பாசார் மாலாமில் "லேலோங்! லேலோங்!" என்று கூவி விற்பதைக் கேட்காத மலேசியர் இருக்க முடியாது. அந்த 'லேலோங்' என்ற மலாய்ச் சொல்லும் நம்முடைய 'ஏலம்' என்ற சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே போர்த்துகீசிய மொழியிலிருந்து கப்பலேறி வந்தவை. மலாயில் ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் திரிந்து, ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் இத்தனை காலமாக ஒரே நாட்டில் வாழ்ந்து வருகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இணைய ஏலச் சந்தையில் ஒரு வருடமாக நான் படும் பாடும் ஏறக்குறைய இதேதான்.

இணைய ஏலத்தின் கதை 1995இல் தொடங்குகிறது. பியர் ஒமிட்யார் என்ற கணினி நிரலாளர் அமெரிக்காவில் 'ஆக்ஷன்வெப்' என்ற தளத்தை அமைத்தார். அதுதான் பின்னாளில் 'ஈபே' ஆனது. அதில் முதலில் விற்றது அவருடைய பழுதான லேசர் விளக்கு. 14.83 டாலருக்குப் போனது. "அது வேலை செய்யாது என்று தெரியும்தானே?" என்று வாங்கியவரையே அவர் கேட்டாராம். "பழுதான லேசர் விளக்குகளைத்தான் நான் சேகரிக்கிறேன்" என்று பதில் வந்ததாம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும், 'உலகில் எதற்கும் ஒரு வாடிக்கையாளர் உண்டு' என்று முடிப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒமிட்யார் அந்தப் பொருளுக்குச் சரியான பெயரை எழுதியிருந்தார். பழுது என்றால் பழுது என்றே எழுதியிருந்தார். அதனால்தான் தேடியவர் கையில் அது கிடைத்தது.

நான் தேடுவது பழுதான விளக்கு அல்ல. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படப் பாடல்கள் அடங்கிய சிறிய இசைத்தட்டு. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி நடித்து, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த படம். தோட்டத்தில் இருந்த காலத்தில் என் தாத்தா மூன்று மாதம் காசு சேர்த்து அந்தத் தட்டை வாங்கி வந்தாராம். அதைப் போட்டுக் கேட்கும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. கிராணி வீட்டில்தான் இருந்தது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போவார்களாம். தோட்டத்தை விற்று எல்லாரும் பட்டணத்துக்கு வந்தபோது எந்தப் பெட்டியில் போனதோ, தட்டு காணாமல் போய்விட்டது. தாத்தாவும் இப்போது இல்லை. பாடல்களைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். பாட்டி கேட்டுவிட்டு, "பாட்டு எங்கயும்தான் கெடைக்குது. தாத்தா வாங்கினது தட்டும்மா" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. தேட ஆரம்பித்தேன்.

நண்பர்களே, தேடல் பெட்டி என்பது ஒரு கறாரான குமாஸ்தா. மனுவில் ஓர் எழுத்து பிசகினாலும், "அப்படி ஒன்று இல்லை" என்று சன்னலைச் சாத்திவிடும். 'பாவமன்னிப்பு' என்பதைத் தமிழில் எழுத ஒரே வழிதான் உண்டு. ரோமன் எழுத்தில் எத்தனை வழி உண்டு என்று ஒரு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் வரும் 'பா'வுக்கு ஓர் 'ஏ' போடுவோரும் உண்டு, இரண்டு 'ஏ' போடுவோரும் உண்டு. நடுவில் வரும் 'ன்ன'வுக்கு ஓர் 'என்' அல்லது இரண்டு. கடைசியில் வரும் 'ப்பு'வுக்கு ஒரு 'பி' அல்லது இரண்டு. சேர்த்து ஒரே சொல்லாக எழுதலாம், பிரித்தும் எழுதலாம். 2 பெருக்கல் 2 பெருக்கல் 2 பெருக்கல் 2, ஆக 16! 'வி'க்குப் பதிலாக 'டபிள்யூ' போடுவோரையும் சேர்த்தால் 32. இத்தனைக்கும் இது ஒரு படத்தின் பெயர் மட்டும்தான். நடிகர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களுக்கும் இதே கதிதான். 16 எழுத்துக்கூட்டல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை நான் செய்யும் நோன்பாகிவிட்டது. தமிழிலேயே ஒரு முறை தட்டினேன். கிடைத்தது 0.

சரி, பொதுவாகத் தேடுவோம் என்று 'தமிழ்', 'இசைத்தட்டு' என்று ஆங்கிலத்தில் போட்டால் வேறு தொல்லை. இந்திப் படத் தட்டுகள் படையெடுத்து வருகின்றன. வாங்குவோர் பலரும் 'பாலிவுட்' என்றே தேடுகிறார்கள் என்று விற்பவர்களுக்குத் தெரியும். அதனால் எந்த ஊர்ப் படமானாலும் 'பாலிவுட்' என்ற முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். ஈபே போன்ற தளத்தில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அந்த 80இல் 'அரிது', 'பழமை', 'பாலிவுட்', 'இந்தியா' எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு, பாவம், படத்தின் பெயருக்கு இடம் எங்கே? வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவற்றைத் தள்ளிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் 'பாலிவுட்'டைத் தள்ளினால் அதன் முதுகில் ஏறி வரும் தமிழ்த் தட்டுகளும் சேர்ந்து போய்விடும். களையைப் பிடுங்கினால் பயிரும் கூட வருகிறது.

கடைசியில் ஒரு வழி புரிந்தது. பெயரைத் தேடாமல் படத்தைப் பார்ப்பது. இங்கிலாந்தில் பழைய வீடுகளைக் காலி செய்பவர்கள், '20 இந்தியத் தட்டுகள், ஒரே கட்டு' என்று தரையில் பரப்பிப் புகைப்படம் எடுத்துப் போடுகிறார்கள். அதைப் பெரிதாக்கி, உறைகளின் ஓரத்தில் தெரியும் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பாதி உறையை இன்னோர் உறை மறைத்திருக்கும். 'மன்னி' மட்டும் தெரியும், அல்லது 'ப்பு' மட்டும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் எழுத்து அட்டையைக் காட்டி எங்கள் ஆசிரியை படிக்கச் சொன்னது நினைவுக்கு வரும். பிறகு புகுமுக வகுப்புக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் போனபோது, "தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காதவர் குறைவு. அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டை விற்பவர், தளத்தை நடத்துபவர், அதன் தேடல் இயந்திரம் ஆகிய மூவராலும் படிக்க முடியாததை நான் படிக்கிறேன் என்பது இப்போது ஒரு சின்னப் பதிலாகத் தோன்றுகிறது.

அப்படித்தான் ஒரு கட்டில் 'பாவமன்னிப்பு' கண்ணில் பட்டது. ஏலம் முடியும் நேரம் இலண்டனில் ஞாயிறு இரவு 8 மணி. அங்கே கோடைக்காலம் என்பதால் 7 மணி நேர வித்தியாசம். நமக்குத் திங்கள் அதிகாலை 3 மணி. விடுதி அறையில் மற்றவர்கள் உறங்க, நான் மட்டும் விழித்திருந்தேன். என் கையிருப்புக்கு 18 பவுண்டுதான் எல்லை. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதும் என் கேள்விதான் முன்னே நின்றது. கடைசி நான்கு நொடியில் வேறொருவர் நுழைந்தார். 19 பவுண்டுக்குக் கட்டு கைமாறியது. பக்கத்தைத் திரும்பப் புதுப்பித்தபோது, "ஏலம் முடிந்தது" என்ற எழுத்துகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பொருளாதாரம் படிப்பதால் இதற்கு விளக்கம் தேடினேன். வில்லியம் விக்ரி என்ற அறிஞர் ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்ததும் 'பாவமன்னிப்பு' வந்த அதே 1961தான். அதிகம் கேட்டவர் வெல்வார். ஆனால் இரண்டாவதாக வந்தவர் கேட்ட விலையைக் கொடுத்தால் போதும். அப்படி ஒரு முறை இருந்தால், ஒரு பொருள் தமக்கு எவ்வளவு பெறுமோ அதை ஒளிக்காமல் கேட்பதே எல்லாருக்கும் நல்லது என்று காட்டினார். 1996இல் நோபல் பரிசு அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமாகிவிட்டார் என்பது சோகமான செய்தி. ஈபேயில் நாம் நம் உச்ச விலையைச் சொல்லி வைத்தால், தளமே நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்பது ஏறக்குறைய இந்த முறைதான். ஆனாலும் கடைசி நொடிப் பாய்ச்சல் ஏன் நடக்கிறது? ஆல்வின் ரோத், ஆக்செல் ஆக்கென்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஈபேயில் ஏலம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும். அமேசான் அந்நாளில் நடத்திய ஏலங்களில், கடைசி 10 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீண்டுவிடும். அந்த ஏலப்பகுதி இப்போது இல்லை. கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் அதிகம் என்று கண்டார்கள்.

இதைப் படித்ததும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் நினைவுக்கு வந்தது. திருவிழா முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலம் விடுவார்கள். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று சொல்லிவிட்டுத் தலைவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். யாராவது கையைத் தூக்கினால் மீண்டும் ஒரு தரத்திலிருந்து தொடங்கும். 'மூன்று தரம்' என்பது கடிகாரம் சொல்வதல்ல. இனிக் கேட்க ஆளில்லை என்று கூட்டமே ஒப்புக்கொள்வது. அறிஞர்கள் எழுதிய விஷயம் நம் கோயில் வாசலில் என்றைக்கோ நடந்துகொண்டிருக்கிறது. தவிர, அங்கே விற்கும் பொருளின் பெயர் அங்குள்ள குழந்தைக்கும் தெரியும்.

விலையில் வென்றாலும் துன்பம் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டின் விலையைவிட அதை அனுப்பும் செலவு இரண்டு மடங்கு வருவதுண்டு. 2024 சனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் நம் நாட்டில் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மாணவர் கையில் உள்ள காசுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல.

இந்தத் தேடலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள், 'மிகப் பழைய சமஸ்கிருதப் புத்தகம், இந்தியா' என்ற தலைப்பில் ஒரு நூலைப் பார்த்தேன். ஆரம்ப விலை 5 பவுண்டு. யாரும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினால், பால்மரம் சீவும் ஒருவரின் சித்திரம். கீழே கொட்டை எழுத்தில் தமிழ். மலாயாவில் தோட்டப் பிள்ளைகளுக்காக அச்சான வாசிப்பு நூல்! அது சமஸ்கிருதமும் அல்ல, இந்தியாவும் அல்ல. என் அறைத்தோழி, "பேசாம நீயே வாங்கிடு. வேற யாரு கண்ணுலயும் படாது" என்றாள். அவள் சொன்னது சரியான வியாபாரம். யாருக்கும் பெயர் தெரியாத பொருள்தான் மலிவாகக் கிடைக்கும்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் தேடும் தட்டைப் பற்றி யாரோ ஒருவர் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அந்த நூலையும் எங்கேயோ ஒரு பேத்தியோ பேரனோ 16 விதமாகத் தட்டித் தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? விற்பவருக்கு எழுதினேன். இது தமிழ், மலாயாவில் அச்சானது, நூலின் பெயர் இது என்று விவரம் கொடுத்தேன். மறுநாளே அந்த அம்மாள் நன்றி சொல்லி எழுதினார். மலாயாவில் தோட்ட நிர்வாகியாக இருந்த தம் மாமாவின் பெட்டியில் கிடைத்ததாம். தலைப்பை மாற்றினார். நான்கு நாளில் 11 பேர் கேட்டார்கள். 62 பவுண்டுக்குப் போனது. என்னால் கிட்ட நெருங்கவும் முடியவில்லை. 5 பவுண்டுக்குக் கிடைத்திருக்குமே என்ற ஏக்கம் எனக்கு இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்த 11 பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர்தான் இல்லாமல் இருந்தது.

பாட்டியின் தட்டு இன்னும் கிடைக்கவில்லை. எனக்கு ஓரளவு தெளிவானது இதுதான்: தோட்டங்களிலிருந்து நாம் வெளியேறியபோது நம் பொருள்கள் அழிந்துவிட்டன என்று நினைக்கிறோம். எல்லாம் அழியவில்லை. கொஞ்சம் எங்கெங்கோ பெட்டிகளிலும் பரண்களிலும் இருக்கிறது. பெயர் தெரியாதவர் கையில், தவறான பெயரில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த எவருக்கும் இந்தத் தகுதி உண்டு. இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் உங்களிடம் இரண்டே வேண்டுகோள். இணையத்தில் நம் பொருள் ஒன்று தவறான பெயரில் கிடப்பதைக் கண்டால், விற்பவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, பழைய தட்டு, நூல், புகைப்படம் எது இருந்தாலும் அது என்ன, யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி உள்ளே வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு அறிய வேண்டியதை எந்தத் தேடல் பெட்டியும் பிறகு நமக்குத் தராது.