முழங்கால் உயரம்

ஒரு மல்லிகைச் செடியை வெட்டுவதற்குத் துணிவு வர மனிதனுக்கு எத்தனை நாள் ஆகும்? எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழு வருஷமும் செடியை நான் காப்பாற்றிக் கொண்டிருப்பதாகவே நினைத்துக் கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

செடி என் தாயார் வைத்தது. பாம்பனில் சாலைப் பாலம் 1988-இல் திறந்த பிறகு, மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு பஸ்ஸிலேயே நேராகப் போய் வரலாம் என்று ஆயிற்று அல்லவா? 1991-ஆம் வருஷம் அம்மா அப்படிப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் தீர்த்தச் சொம்பு; மற்றொரு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு குச்சிகள். தங்கச்சிமடத்தில் வாங்கினாளாம். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேர் பெற்று, 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட அந்தப் பூவின் நாற்றுகள் பெரும்பாலும் ராமநாதபுரத்துச் சீமையில், அந்தத் தங்கச்சிமடத்து மணலில்தான் வேர் பிடிக்கின்றன. "பேர் மதுரைக்கு, பிரசவம் தங்கச்சிமடத்திலே" என்பாள் அம்மா. இந்த மல்லிகை விதை வைத்து வம்சம் வளர்ப்பதில்லை. குச்சியும் பதியனுந்தான். அதாவது, உலகத்தில் உள்ள ஒவ்வொரு குண்டுமல்லிச் செடியும் இன்னொரு செடியிலிருந்து யாரோ வெட்டி எடுத்த துண்டு. இதை நான் முன்பே யோசித்திருக்கலாம்.

இரண்டு குச்சிகளில் ஒன்று பிழைத்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் இருபது வருஷம் பூத்தது. பங்குனி பிறந்தால் ஆடி வரையில் எங்கள் வீட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. அண்டை வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கிண்ணம் போகும். 2011-இல் அம்மா போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த மறுவாரம், செடியில் யாரும் கத்தி படக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். துக்கத்தில் மனிதன் போடும் சட்டங்களுக்குக் காரணம் கேட்பது மரியாதை இல்லை. ஆகவே வீட்டில் யாரும் கேட்கவில்லை.

செடி வளர்ந்தது. முதலில் என் இடுப்புக்கு, அப்புறம் தோளுக்கு, அப்புறம் கிணற்றுச் சுவரைத் தாண்டிச் சமையலறை ஜன்னலுக்கு. குண்டுமல்லி செடியும் இல்லை, கொடியும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஜாதி. பிடிக்க ஏதாவது அகப்பட்டால் ஏறும். அகப்படாவிட்டால் தன் மேலேயே தான் சாய்ந்து புரளும். நாலு வருஷத்தில் அது ஒரு புதராகிவிட்டது. உள்ளே வெயில் புகவில்லை. அடியில் எல்லாம் மொட்டைக் குச்சிகள், பழுத்த இலைகள். பூவோ உச்சியில், வெயில் படுகிற இடத்தில் மட்டும், யாருக்கும் எட்டாமல் நாலைந்து பூத்து உதிர்ந்தது. அடுத்த வீட்டுக்காரர் பாம்பு வரும் என்றார். நான் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை.

என் மனைவி தினமும் மாலையில் வாசலில் ஒரு முழம் பூ வாங்குவாள். அதை நான் கவனித்ததே இல்லை. ஒரு மார்கழியில், மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்றுக் கொண்டிருந்தபோது, முழத்துக்கு அவள் கொடுத்த காசைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போய், "கொல்லையிலே செடியை வைத்துக்கொண்டு இத்தனை காசா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதிலே பூ இருந்தா நான் ஏன் வாங்கறேன்?" என்றாள். சற்று நேரம் கழித்து, "அது இப்போ அத்தை செடி இல்லீங்க, உங்க செடி" என்றும் சொன்னாள்.

அந்த வார்த்தை குத்திற்று. நான் புஸ்தகத்தைத் தேடிப் போனேன். எழுத்தாளன் வேறு எங்கே போவான்? பழைய புஸ்தகக் கடையில் இங்கிலீஷ்காரர் ஒருவர் எழுதிய தோட்டக்கலைப் புஸ்தகம் அகப்பட்டது. அதில் லைலாக் என்ற செடியைப் பற்றி நிறைய இருந்தது. அது சென்ற வருஷத்துக் கிளையில் இந்த வருஷம் பூக்கிறதாம். குளிர் காலத்தில் கை வைத்தால் வரப்போகிற பூவை வெட்டியதாகிவிடுமாம். முதிர்ந்த செடியை ஒரேயடியாகக் குறைக்காமல், வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காகப் பழைய தண்டுகளை எடுக்க வேண்டுமாம். எனக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. கோழைக்கு இதைவிட நல்ல சாஸ்திரம் ஏது? அந்தப் பங்கையும் குறைத்துக் கொண்டு, தை மாதத்தில் ஒரு கத்தரி வாங்கி வந்து, செடியைச் சுற்றி நின்று ஒவ்வொரு நுனியாக ஒரு சாண் நறுக்கினேன். நாவிதர் பையனுக்குக் கிராப்பு வெட்டுவது போலத்தான்.

பலன் என்ன தெரியுமா? நறுக்கிய ஒவ்வொரு நுனியும் இரண்டு மூன்றாகப் பிரிந்து வளர்ந்தது. மேலே குடை இன்னும் அடர்த்தியாயிற்று. கீழே இருட்டு இன்னும் கூடிற்று. கிளையின் நுனிமொட்டு ஆக்ஸின் என்கிற ஒரு ரசத்தைக் கீழே அனுப்பிக் கொண்டிருக்கும் வரையில் அதன் கீழுள்ள மொட்டுகள் தலையெடுப்பதில்லை. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கூட்டுக் குடும்பம் மாதிரி. நுனியை எடுத்தால் அதற்கு அடுத்தாற்போல் இருக்கிற மொட்டுகள் விழிக்கும். ஆகவே எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அந்த உயரத்திலிருந்துதான் புதுக் கிளை. மல்லிகையோ லைலாக்கைப் போல அல்ல, புதுக் கிளையின் நுனியில் பூப்பது. நான் ஆள் உயரத்துக்கு மேலே வெட்டினேன். புதுக் கிளை ஏணி வைத்தாலும் எட்டாத இடத்தில் வந்தது.

2018 நவம்பர் கடைசியில் ஒரு நாள், பூக்காரம்மா தண்ணீர் குடிக்கக் கொல்லைப் பக்கம் வந்தாள். அவனியாபுரத்துப் பக்கம் அவளுக்கு முன்பு அரைக் குழி போலக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருந்ததாம். செடியை நின்று பார்த்தாள்.

"இதென்ன சாமி, செடியா காடா? முழங்காலுக்கு மேலே விடலாமா இதை? கார்த்திகை பாதியிலே வெட்டிப்புட்டா பங்குனியிலே கொட்டுமே!"

"அம்மா வைத்த செடி" என்றேன்.

"அவுக இருந்தவரைக்கும் வெட்டிக்கிட்டுத்தானே இருந்திருப்பாக?"

"அம்மா வெட்டியதாக எனக்கு ஞாபகமில்லை."

"ஒங்களுக்கு ஞாபகம் இல்லாட்டி என்ன, செடிக்கு இருக்குமே!" என்று சொல்லிக் கொண்டே, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புதரை இரண்டு கையாலும் விலக்கினாள். "வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். இருட்டு பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒவ்வொரு தண்டும் முஷ்டி மடக்கினது போல முண்டும் முடிச்சுமாக இருந்தது. கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டிய வாய்கள். ஆறி, பட்டை மூடி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாய். அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. மழைத் தண்ணீர் தங்காதபடி எல்லாம் ஒரே பக்கம் சரிவு. வருஷத்துக்கு ஒரு வெட்டு வீதம் வெட்டிய கைக்கு அவசரமே இருந்ததில்லை என்று தெரிந்தது.

கார்த்திகை மாதத்தில் நான் வழக்கமாகப் பொங்கல் மலர்களுக்குக் கதை எழுதிக் கொண்டிருப்பேன். மாடி அறைக் கதவு சாத்தியிருக்கும்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. "அத்தைதான் வெட்டுவாங்க. நான் கிளையை இழுத்துப் பிடிப்பேன்" என்றாள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேட்டீங்களா?"

மறுநாள் பூக்காரம்மாவே அரிவாளோடு வந்தாள். ஒரு வாரமாகத் தண்ணீர் விடாமல் இருந்திருந்தால் நல்லது என்று குறைப்பட்டுக் கொண்டாள். பட்டுப்போன தண்டுகளை அடியோடு எடுத்தாள். ஒன்றோடொன்று உராய்கிறவற்றில் இளைத்ததைக் கழித்தாள். மீதியை எல்லாம் பழைய முண்டுகளுக்குச் சற்று மேலே, முழங்கால் உயரத்துக்குத் தறித்தாள். பருத்தவற்றுக்கு ரம்பம் வேண்டியிருந்தது. வெட்டு வாய்களில் சாணம் அப்பினாள். தூரைச் சுற்றிக் கொத்தி, ஒரு கூடை தொழுவுரம் போடச் சொன்னாள். வெட்டிய குச்சிகளில் நல்லதாக ஒரு கட்டுப் பொறுக்கி, வேர் பிடிக்க வைக்கத் தனக்கென்று எடுத்துக் கொண்டாள். முல்லைக்கு ஜனவரி கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, குண்டுமல்லிக்கு இந்த நாள் என்று, நான் கேட்காமலே பஞ்சாங்கமும் சொல்லிவிட்டுப் போனாள்.

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் நின்றன. சமையலறையில் ஏழு வருஷத்துக்கு அப்புறம் வெயில் அடித்தது. மார்கழி முழுவதும் நான் கிணற்றடிக்குப் போகவில்லை. தளிர் வந்துவிட்டது என்று மனைவி சொன்னதைக்கூட நம்பவில்லை. மாசிக் கடைசியில், இடுப்புக்கும் எட்டாத புதுக் கிளைகளின் நுனியில் மும்மூன்றாக மொட்டுக் கட்டியிருந்தது. பங்குனியில் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக் கொண்டு, நின்ற இடத்தில் நின்றே பறிக்க முடிந்தது.

ஒரு விஷயம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. பூக்காரம்மா அன்று வெட்டியது தன் வியாபாரத்தை அல்லவா? தினம் ஒரு முழம், ஏழு வருஷம். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் நான் நிறுத்தலை" என்றாள். வாசல் பூ அவள் தலைக்கு. கொல்லைப் பூ அம்மாவின் படத்துக்கு. அப்படி ஓர் ஏற்பாடு எனக்குத் தெரியாமலே நடந்து கொண்டிருந்தது.

அடுத்த கார்த்திகையில் நானே அரிவாளை எடுத்தேன். மனைவி கிளையை இழுத்துப் பிடித்தாள். நான் இடுப்பு உயரத்தில் குறி வைத்தேன்.

"இன்னும் கீழே" என்றாள்.