ஐந்நூறு ரூபாய் யாத்திரை

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரத்தைச் சிக்கனமாகவே பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், அங்குள்ள ஆலயங்களையும் மலைகளையும் பற்றி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவருடைய சிக்கனம் என்னுடைய ஆறு மாதச் சம்பளம்! அவர் போன பிறகு என் தாயார், "மலையும் கோயிலும் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? திருவண்ணாமலை இருக்கிறதே!" என்றாள்.

எழுபது வயதில் அவள் கேட்ட முதல் யாத்திரை அது. உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரே ரெயில் போகிறது; நாங்கள் போனபோது சீட்டு ஐம்பது ரூபாய். பௌர்ணமியைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. நள்ளிரவில் இறங்கி நிலையத்திலேயே பொழுதைக் கழித்தால் அறை வாடகை மிச்சம். மத்தியானம் கோயிலில் அன்னதானம். இருவருக்கும் ஐந்நூறு ரூபாய் என்று தீர்மானித்தேன்.

விடியுமுன் பதினொரு நிலை ராஜகோபுரத்தை வணங்கிவிட்டுப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைத் தொடங்கினோம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் கடந்து ரமணாசிரமத்தின் வாயிலில் சற்று நின்றோம். சிக்கனப் பிரயாணத்தில் அந்த மகானுக்கு இணை யார்? 1896-ஆம் வருஷம், பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், தமையனுடைய காலேஜ் சம்பளத்துக்கு என்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையை விட்டுக் கிளம்பினான். வழியில் பணம் தீர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தான். காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் முதல் தேதி இங்கே வந்து சேர்ந்ததும், மிச்சமிருந்த சில்லறையை ஐயங்குளத்தில் எறிந்துவிட்டான். இதை நான் சொல்லச் சொல்ல, அம்மா ஒன்றும் பேசாமல் மலையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆதி அண்ணாமலையை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலுடன் நடந்த அம்மாவின் பாதத்தில் கொப்புளம். அவள் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வழியே வந்த ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். நானோ நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன்! நான் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் வண்டி வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"இந்த நோட்டு உங்கப்பாவுடைய பழக்கம்" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமில்லை. "வருஷா வருஷம் கார்த்திகைக்கு இங்கே வரணும்னு சேர்த்து வைப்பார். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது செலவு வந்துவிடும். ஒரு தடவை முழுப் பணமும் சேர்ந்து, கிளம்பக்கூடத் துணி மடித்து வைத்துவிட்டோம். அந்த வாரம்தான் உனக்குக் காலேஜில் பணம் கட்டச் சொன்னார்கள். மறு வருஷம் அவரே இல்லை."

எனக்கு இது தெரியாது. அந்தப் பிள்ளை காலேஜ் பணத்தில் கை வைத்து அண்ணாமலைக்கு வந்தான். என் காலேஜ் பணமோ என் பெற்றோரின் அண்ணாமலையை எடுத்துக்கொண்டது. அப்படிப் படித்த கணக்கை வைத்துக்கொண்டுதான் அவள் கொப்புளத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தேன்!

எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து அம்மாவின் பாதத்தில் ஊற்றினாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வேறோர் ஆட்டோ வந்தது. வாடகை என்ன என்று கேட்காமலே ஏறினோம். வாயு லிங்கத்திலும் குபேர லிங்கத்திலும் நிறுத்தச் சொன்னேன். ஈசான்ய லிங்கத்தில் அம்மா இறங்கி, "கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தே வருகிறேன்; அவருக்காக" என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கோபுர வாசல் வரை நடந்தாள்.

ஊர் திரும்பியதும் கணக்கு எழுத உட்கார்ந்தேன். சீட்டு, இட்டலி, காப்பி, கற்பூரம் எல்லாம் எழுதினேன். ஆட்டோ வாடகையை மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் எதிர்ப்பக்கத்தில் பழைய பாக்கி ஒன்றையும் எழுத வேண்டும். அதைத் தீர்க்க என்னிடம் பணம் ஏது?