அம்மாவின் உளியும் ஆறாம் ஆண்டு மாணவனின் மடக்குக்கத்தியும்



பள்ளிக்கூடத்தில் கத்தி என்னும் சொல்லை உச்சரிப்பதற்கே இப்போது அச்சமாக இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாள், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இடைநிலைப்பள்ளியின் வளாகத்திற்குள்ளேயே நான்காம் படிவ மாணவி ஒருவர் கத்திக்குத்துக்குப் பலியானார். அச்செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் எவரும் சரியாகப் பேசவில்லை. பெண்பிள்ளையைப் பெற்ற ஆசிரியை ஒருவர் பாடவேளை முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு நாடு முழுவதும் பள்ளிகளில் புத்தகப்பைச் சோதனை தீவிரமடைந்தது. கெடாவின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் சின்னஞ்சிறு தமிழ்ப்பள்ளியும் அதற்கு விலக்கன்று.

அப்படி ஒரு காலைச் சோதனையில்தான் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பென்சில் பெட்டிக்குள் அந்த மடக்குக்கத்தி கிடைத்தது. செம்மஞ்சள் நிறப் பிடி. மடக்கினால் என் நடுவிரல் நீளம். விரித்தால் கண்ணாடிபோல் மின்னும் அலகு. காட்டுப் பயணம், மீன்பிடி, கூடாரம் என்று பொழுதைக் கழிப்போருக்காகச் செய்யப்படும் புதுவகைக் கத்தி அது. பையன் குறும்புக்காரனும் அல்லன். சாரணர் இயக்கத்தில் ஆர்வமாக இருப்பவன். "டீச்சர், முகாமுக்கு டீச்சர். அப்பா பொறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாரு," என்றான். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டான்.

முகாமுக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. கத்தியை நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்ற ஆவலைத் தவிர அவன் மனத்தில் வேறொன்றும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் என்ன செய்வது? கத்தியைப் பறிமுதல் செய்தேன். கட்டொழுங்குப் பதிவேட்டில் அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் தந்தையார் வந்தார். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவரோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

"தப்புதாங்க டீச்சர். ஸ்கூலுக்குக் கொண்டு போகாதேன்னு சொல்லித்தான் கொடுத்தேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்கப்பா தோட்டத்துல எனக்குப் பாராங் பிடிக்கக் கத்துக் கொடுத்தாரு. நான் இப்ப தாமான் வீட்டுல இருக்கேன். மரமும் இல்ல, செடியும் இல்ல. என் பிள்ளைக்கு நான் எதைக் கத்துக் கொடுக்கிறது?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பள்ளி விதியை எடுத்துச் சொன்னேன். 1958ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் கடுங்குற்றம். பெற்றோர் பலர் இதை அறியாமல், இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுகின்றனர். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கத்தியை அவரிடமே ஒப்படைத்தேன், கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னுடனேயே வீட்டுக்கு வந்தது.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பீடோங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குவார். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் அழுத்தம் மிகுதியாக இருக்கும்; அதனால்தான் அந்த இருட்டு வேலை. அவர் கையில் இருந்த கத்தியை நாங்கள் உளி என்போம். முனை வளைந்து மடிந்திருக்கும்; இழுத்துச் சீவ வேண்டும். இன்று பிள்ளைகளிடம், "கத்தியை உடம்பை நோக்கி இழுக்காதே, வெளிப்புறமாகத் தள்ளு," என்று சொல்லிக் கொடுக்கிறேன். அம்மாவோ வாழ்நாளெல்லாம் இழுத்தே வெட்டினார்!

ரப்பர் மரத்தை வெட்டுவது என்கிறோம். உண்மையில் அது வெட்டு அன்று. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குப் பட்டையைச் சீவி எடுப்பதே வேலை. பால் குழாய்கள் பட்டைக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு உட்புறம், கட்டையை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய திசுப் படலம் உண்டு. உளி அதைத் தொடாமல் ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அங்கே சீவ முடியாது. பழைய வெட்டையே மீண்டும் மீண்டும் மெல்லச் சீவித் திறக்கும் இம்முறையை 1890களில் ஆராய்ந்து பரப்பியவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. அவருடைய பெயர் பாடநூல்களில் இருக்கிறது. அந்த மயிரிழையைக் காத்த இலட்சக்கணக்கான கைகளின் பெயர் எங்கே இருக்கிறது?

எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் அம்மாவோடு போவேன். ஒருநாள் அவர் உளியை வாளியருகே வைத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். எனக்கு ஆசை அடங்கவில்லை. உளியை எடுத்து அம்மாவைப்போலவே இழுத்தேன். கத்தி பட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பால் பொங்கியது, பாலுக்குள் வெள்ளைக் கட்டை தெரிந்தது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது.

அம்மா அடிக்கவில்லை. மரத்தைத் தடவிப் பார்த்தார், என் கையைத் திருப்பிப் பார்த்தார், உளியை வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மேற்பார்வைக்கு வந்த தண்டல் அந்தக் காயத்தைக் கண்டுபிடித்தார். "இத்தனை வருசம் வெட்டுற கை, இப்படியா வெட்டும்? கண்ணு தெரியலையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "ஆமாங்க, தூக்கக் கலக்கம்," என்றார் அம்மா. அந்த மாதக் கூலியில் ஒரு தொகை குறைந்தது. எவ்வளவு என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. நிரையிலேயே காயமில்லாத மரங்கள் அவருடையவை என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயர் என்னால் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறுநடவுக்காக அழிக்கக் குறித்து வைத்திருந்த கிழட்டு மரம் ஒன்றின் முன்னே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். உளியை என் கையில் கொடுத்து, என் கைமேல் தம் கையை வைத்தார். "கத்தி போற பக்கம் கண்ணு போவணும். பலத்தால இழுக்காதே," என்று மட்டும் சொன்னார். பத்துப் பன்னிரண்டு முறை சீவியிருப்பேன். அதன்பிறகு எத்தனையோ கத்திகளை எடுத்திருக்கிறேன். கவனமின்றி ஒன்றைக்கூட எடுத்ததில்லை. பின்னாளில் சுங்கை பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோது, எங்களைப் பினா இன்சான் குரு முகாமுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே மூங்கில் வெட்டும் வேலை வந்ததும் நகரத்துத் தோழியர் பின்வாங்கினர். பாராங்கை நான்தான் எடுத்தேன். அது ஒரு சின்னப் பெருமை, சொல்லிக்கொள்கிறேன்!

அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்களும் இல்லை. தாமான் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கத்திகள் இரண்டே: ஒன்று சமையலறையில் "தொடாதே" என்று தள்ளி வைக்கப்பட்ட கத்தி, மற்றொன்று திரைப்படத்திலும் கைப்பேசி விளையாட்டிலும் எதிரியைக் குத்தும் கத்தி. வேலை செய்யும் கத்தியை அவன் கண்டதே இல்லை. இதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

மடக்குக்கத்தியின் வரலாறோ முழுக்க வேலையின் வரலாறு. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1891இல் தம் நாட்டுப் படைவீரர்களுக்காகச் செய்து கொடுத்த கத்தி, டின்னைத் திறக்கவும் துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும் ஆனது, எதிரியைக் குத்துவதற்கன்று. 1897இல் அவர் பதிவு செய்த இலேசான கத்திக்குப் பெயரே அதிகாரிகள், விளையாட்டு வீரர்களுக்கான கத்தி என்பதுதான். அந்த விக்டோரினாக்ஸ் நிறுவனமே, உலகெங்கும் கத்திக்குக் கட்டுப்பாடு கூடிவருவதால் அலகில்லாத கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக 2024இல் அறிவித்தது. கத்தியில்லாத சுவிஸ் கத்தி! காலத்தின் கோலம் என்பதா? 1983இல் அமெரிக்கர் டிம் லெதர்மேன் குறட்டையும் கத்தியையும் ஒன்றாக மடக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று மலையேறுவோர் பலரின் இடுப்பில் தொங்குவது அந்த வகைதான்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கெடாவிலேயே செமலிங் அருகே சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்காலைகளும் குவியல் குவியலாகத் துருத்திக் குழாய்களும் வெளிப்பட்டன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு காய்ச்சிய மண்ணின் மேல் நின்றுகொண்டுதான், பிள்ளை கையில் கத்தி கூடாது என்று கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூட்டம் என்றதும் நினைவு வருகிறது. முகாமில் கத்திப் பயிற்சி வைக்கலாமா என்று கேட்டபோது எங்கள் பள்ளியில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. "இந்த நேரத்திலா?" என்றனர் சக ஆசிரியர்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு? தலைமையாசிரியர் நீண்ட நேரம் யோசித்தார். கத்தி எதுவும் பள்ளி வாசலைத் தாண்டக்கூடாது, முகாம் இடத்தில் மட்டுமே, ஒவ்வொரு மாணவனின் பெற்றோரும் எழுத்து மூலம் இசைய வேண்டும், பெற்றோர் சிலர் உடன் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு ஒப்புக்கொண்டார். இன்றும் எனக்கு இதில் ஐயமே இல்லை: புத்தகப்பையில் கத்திக்கு இடமில்லை, என்ன காரணம் சொன்னாலும் இல்லை. ஆனால் பெரியவர் கைக்குப் பக்கத்தில் பிள்ளையின் கை கத்தியைப் பிடிக்க ஓர் இடம் எங்காவது இருந்தாக வேண்டும்.

எந்தக் கத்தி என்பதிலும் கொஞ்சம் அலைந்தேன். பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். வழக்கமான சுவிஸ் மடக்குக்கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. முனையை அழுத்திக் குடைந்தால் அலகு மடங்கி விரல்மேல் விழும். சிறுவர்க்கு அது ஆகாது. பொத்தானை அழுத்தியவுடன் பாயும் கத்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் வேலையைவிட மிரட்டலே மிகுதி. பிரான்சில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955இல் ஒரு வளையப் பூட்டு சேர்ந்தது. வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. அதில் சிறுவர்க்கென்று முனை உருண்ட வகையும் உண்டு. அதில் ஒன்றை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். மேலும் ஐந்து, மடங்காத சிறு கத்திகள். ஆறையும் ஒரு பூட்டுப் பெட்டியில் வைத்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினோம்.

முகாம் ஜெராய் மலையடிவாரத்தில் நடந்தது. அந்தத் தந்தையாரும் வந்திருந்தார். பாராங்கால் மூங்கிலை வெட்டிப் பிளந்து கொடுத்தது அவர்தான். பிள்ளைகள் கையை நீட்டிச் சுற்றிப் பார்த்து, எட்டும் தூரத்தில் எவரும் இல்லை என்று உறுதி செய்த பிறகே உட்கார வேண்டும். கத்தியைப் பிடிப்பக்கமாகத்தான் நீட்ட வேண்டும்; வாங்குபவர் "நன்றி" என்று சொன்ன பிறகே கொடுத்தவர் கையை விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கூடார முளைகள் சீவினர். பன்னிரண்டு பிள்ளைகளும் பேசாமல் வேலை பார்த்த ஒரு மணி நேரத்தை என் பணிக்காலத்தில் அதிகம் கண்டதில்லை. ஒரு மாணவிக்கு மட்டும் விரலில் இரத்தம் வந்தது. கத்தியாலன்று, மூங்கில் சிராய் கிழித்தது. அதற்கே என் நெஞ்சு படபடத்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

பையன் சீவிய முளைகளில் ஒன்று கோணல். தந்தையார் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "பலத்த போடாதேடா," என்றார். எனக்குச் சட்டென்று அம்மாவின் குரல் கேட்டதுபோல் இருந்தது.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் அந்த உருண்ட முனைக் கத்தியைக் காட்டினேன். எழுபதைக் கடந்துவிட்டார், கண்புரை அறுவை செய்த கண். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஏன் முனையே இல்ல?" என்று சிரித்தார். பிறகு கட்டைவிரல் நகத்தில் அலகை மெல்ல வைத்துப் பார்த்தார். நகத்தில் பிடிக்காமல் வழுக்கியது.

"இதையா பிள்ளைங்க கையில கொடுத்தே? மொண்ணைக் கத்தி வழுக்கிக்கிட்டுப் போயி கையைத்தான் வெட்டும்," என்று கடிந்துகொண்டார். எழுந்துபோய்ப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எதையோ தேடினார். தோட்டத்தை விட்டு வரும்போது கொண்டுவந்த தீட்டுக்கல் அங்கேதான் கிடக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து தீட்டத் தொடங்கினார்.